காலண்டரில் ஐம்பத்தெட்டு

சொட்டுநீர்க் குழாய் விற்கிறவனுக்குப் பணமும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். போவது மட்டும் மடையை உடைத்துக்கொண்டு போகும். சின்னமனூரில் ஐந்து வருடமாக இந்தக் கடையை நடத்துகிறேன். சொந்தமாகக் கடை வைத்து நொந்தவர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

செல்வி கேட்ட கேள்வி

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம். மழை பெய்யும்போது சொட்டுநீர்க் குழாயை எவன் வாங்குவான்? ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். கடைக்கு வந்த என் மனைவி செல்வி, "இன்னையில இருந்து ஒத்த ரூவா வரலைன்னா இந்தக் கடை எத்தன நாளைக்குத் தெறந்திருக்கும்?" என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்த்தவள் அவள். "வெளியில எட்டு லட்சம் நிக்குது" என்று மீசையை முறுக்கினேன். "வெளியில நிக்கிறத விடுங்க. கையில என்ன இருக்கு?" என்றாள்.

கையில் இருந்தது ஒரு லட்சத்துப் பதினாறாயிரம். வாடகை, கரண்டு, பேங்க் தவணை, ஃபிட்டர் முருகேசன் அண்ணனின் சம்பளம் எல்லாம் சேர்த்தால் நாளைக்கு இரண்டாயிரம். தினசரி காலண்டர் தாளில் 58 என்று எழுதினாள். இனி தினமும் காலையில் கணக்குப் போட்டு எழுத வேண்டும் என்பது உத்தரவு. ஐந்து வருடமாகப் பெரிய முதலாளி என்று நினைத்துக்கொண்டிருந்தவன் ஐம்பத்தெட்டு நாள் முதலாளி ஆனேன். போகும்போது இன்னொன்றும் சொன்னாள்: "முப்பதுக்கு வந்தா முருகேசன் அண்ணன்கிட்டச் சொல்லிரணும். மூணு பிள்ளைய வச்சிருக்க மனுசன். சம்பளத் தேதியில போயி கைய விரிக்கக் கூடாது."

இலை உதிர்ந்தால் வரவு

ஒரு வாரத்தில் 51. அன்று கடமலைக்குண்டு பெருமாள் வந்தார். இலவந்தோப்புக்காரர், நமக்கு நாற்பதாயிரம் தர வேண்டியவர். பஞ்சு விற்றதும் கட்டாயம் தருவதாகச் சொல்லிவிட்டு, நான் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நாற்பதாயிரத்துக்கு இருபது நாள் என்று கணக்குப் போட்டு 51-ஐ அடித்து 71 என்று எழுதினேன்.

சாயங்காலம் செல்வி பார்த்தாள். மரம் பூத்துவிட்டதா என்றாள். இல்லை, இப்போதுதான் இலை உதிர ஆரம்பித்திருக்கிறது, அதற்குப்பின் பூ, பிறகு காய், பிறகு பஞ்சு, பிறகு நாம் என்று பெருமாள் சொன்ன வரிசையை அப்படியே ஒப்பித்தேன். அவள் பேனாவை எடுத்து மறுபடியும் 51 என்று எழுதினாள். "அடுத்த மாசம் கரண்டு ஆபீஸ்ல கேட்டா உதுந்த எலையவா கட்டுவீக?"

கடைக்கு மேலே ஒரு சாமி

41 எழுதிய அன்று, மாடியில் குடியிருக்கும் கட்டடக்காரர் சுப்பையா வாடகை கேட்க இறங்கி வந்தார். கார்த்திகை பிறந்துவிட்டது. பனிக்காக நான் கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தேன். அவர் என் கழுத்தைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். நான் மலைக்கு மாலை போட்டு நாற்பத்தொரு நாள் விரதம் இருக்கிறேனாம், நாளை எண்ணுகிறேனாம்! மறுநாள் 40-ஐப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது.

மறுக்கத்தான் வாயெடுத்தேன். வாடகை என்ற சொல் காதில் விழாததால் வாய் தானாக மூடிக்கொண்டது. வெட்கக்கேடுதான், ஒப்புக்கொள்கிறேன். அதற்குத் தண்டனையும் கிடைத்தது: அவர் மாடியில் இருக்கும்வரை கடைக்கு ஒரு பொட்டலம் சுக்கா கொண்டுவர முடியவில்லை. கட்டாத வாடகையைச் செல்வி கவரில் போட்டு ஒட்டி, செலவிலேயே எழுதிவிட்டதால் எண்ணும் ஏறவில்லை. சுப்பையா மட்டும் தினமும் படியில் நின்று சொல்வார்: "சாமிகிட்ட வாடகை கேட்டா எனக்குல்ல பாவம்! மலைக்குப் போயிட்டு வந்து குடுங்க சாமி."

முப்பது

வந்தேவிட்டது. முருகேசன் அண்ணனை உட்காரவைத்து, வடை வாங்கிக் கொடுத்து, காலண்டரைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. கடை திறந்த நாளிலிருந்து கூட இருக்கிற மனிதர். வடையைப் பிட்டவர் வாயில் போடவில்லை. அதை அப்படியே வைத்துவிட்டு எழுந்து பைப் ரெஞ்சை எடுத்துக்கொண்டார். "பெருமாள் தோட்டத்துல ஃபில்டர் அடச்சிருக்காம் தம்பி. முப்பது நாள் இருக்குல்ல, அதப் போயி கழுவி விட்டுட்டு வந்துர்றேன்."

மூடுவிழா

போனவர் அங்கே வாய்விட்டுப் புலம்பியிருக்கிறார். மறுநாள் கடையைத் திறக்கும்போதே வாசலில் ஆறு பேர். கடையைக் கட்டப்போகிறேனாமே, சாமானெல்லாம் தள்ளுபடியாமே! இல்லை என்று சொல்லப்போன என்னைச் செல்வி முழங்கையால் இடித்தாள். "கடையக் கட்டல. பழைய சரக்குக்கு மட்டும் தள்ளுபடி. ரொக்கந்தான்" என்றாள். முதல் பாதியை யாரும் நம்பவில்லை. என்றைக்கோ பணம் கொடுத்து வாங்கி, தூசி படிந்து கிடந்த குழாயும் வால்வும் நாலே நாளில் எண்பதாயிரத்துக்குப் போயின. எண் 66. மாடியிலிருந்து சுப்பையாவும் பதறிக்கொண்டு இறங்கினார். செல்வி கவரை நீட்டினாள். முருகேசன் அண்ணன் மூட்டை கட்டிக் கொடுத்தே களைத்துப் போனார். அவர் முகத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கடைசியாக வந்தவர் பெருமாள். மடியிலிருந்து ஐந்நூறு ரூபாய்க் கட்டை எடுத்துப் பன்னிரண்டாயிரத்துக்குக் குழாய் வாங்கினார். இந்தக் காசை அந்த நாற்பதாயிரத்தில் கழித்திருக்கலாமே என்று கேட்டேன். அவருக்கு உண்மையிலேயே மனசு வலித்துவிட்டது. "என்னண்ணே இப்பிடிச் சொல்லிட்டீக? அந்தக் கடனுக்குத்தான் மரம் இருக்கே! தள்ளுபடி இங்கன மறுபடி எப்ப வரும்?"

பெருமாளின் பன்னிரண்டாயிரத்தையும் சேர்த்து இன்று காலண்டரில் 72. இது முப்பத்தைந்துக்கு இறங்கும்போது முருகேசன் அண்ணனை மறுபடியும் ஒரு ஃபில்டர் கழுவக் கடமலைக்குண்டுக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன்.