பல்புக்குப் பூசிய சந்தனம்

பிள்ளைகளா, படர்தாமரை தெரியுமல்லவா? தோலில் வட்டமாய்ச் சிவந்து, அரித்து, நாளுக்கு நாள் பெரிதாகும். அது ஒரு பூஞ்சை. எண்பதுகளில், மதுரையில் நான் தண்ணீர் மோட்டார் ஓட்டிய நீச்சல் குளத்தில் நீந்தியவர்களில் பலருக்கு அது வந்துவிட்டது. பசுமலையிலிருந்தும் பழங்காநத்தத்திலிருந்தும் சைக்கிளில் வந்த கூட்டம் நின்றுபோனது.

குளத்தை நடத்திய மன்றத்தின் செயலாளர் கடைசி முயற்சியாகப் புற ஊதா விளக்கு ஒன்று வாங்கினார். டியூப்லைட் போல நீளமான பல்பு. அதைக் கண்ணாடி உறைக்குள் செருகி, உறையை இரும்புக் குழாய்க்குள் வைத்திருந்தார்கள். மோட்டார் தள்ளும் தண்ணீர் உறையைச் சுற்றி ஓடும்போது ஒளி பட்டுப் பூஞ்சை செத்துப்போகும். வெளிச்சத்தால் நோயைக் கொல்வதா! எனக்கு அன்று சோறே இறங்கவில்லை. பார்வைக்கென்று வைத்த சின்னக் கண்ணாடியில் கசிந்த நீலத்தை நூறு தரம் எட்டிப் பார்த்திருப்பேன்.

செயலாளர் கறாராகச் சொன்னார்: "ஒரு மாசம் ஓடட்டும். அப்பவும் தண்ணியில பூஞ்சை இருந்துச்சுன்னா மண்ணக் கொட்டி மூடிருவோம்."

குளம் போனால் என் பிழைப்பும் போச்சு.

மாதம் முடிந்து தண்ணீரைப் பரிசோதித்தார்கள். பூஞ்சை அப்படியே இருந்தது! செயலாளர் மண் லாரிக்குச் சொல்லிவிட்டார். விளக்கைக் கழற்ற வந்த மெக்கானிக், பல்பை உருவியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்னண்ணே இது?"

"சந்தனம். ஆயுத பூசைக்கு மோட்டாருக்கு வச்சேன், வால்வுக்கு வச்சேன். புதுசா வந்ததுக்கு வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்? உருவி எடுத்துக் கொஞ்சம் கூடவே வச்சேன்."

"கொஞ்சமா? கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட இம்புட்டு அப்ப மாட்டாய்ங்க! சூட்டுல காஞ்சு சுவரா நிக்குது. வெளிச்சம் எப்பிடிண்ணே வெளிய வரும்?"

பூசைக்குப் பிறகு நீலம் மங்கியதை நானும் கவனித்திருந்தேன். சாமி குளிர்ந்துவிட்டது என்றல்லவா நினைத்தேன்!

மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார். "வாயத் திறக்காதீங்க. விளக்கு சரியில்லைன்னே போகட்டும்."

சொல்லாவிட்டால் குளம் போகும். சொன்னால் நான் மட்டும் போவேன். ஓடிப்போய்ச் செயலாளரிடம் கொட்டிவிட்டேன்.

"ஏய்யா, உன்னைய அப்பறம் வச்சுக்கிறேன். மொதல்ல லாரிக்காரன நிறுத்து. இன்னும் ஒரு மாசம் பாப்போம்."

மெக்கானிக் ஸ்பிரிட்டால் துடைத்து மாட்டினார். நீலம் பளீரென்று வந்தது! "குழாய்க்குள்ள வார தண்ணிக்குத்தான் இது. குளோரின விட்றாதீங்க. தரையில இருக்கறத நீங்கதான் தேய்க்கணும்" என்றார். படி, சுவர், நடைபாதை என்று தினமும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன்.

மாதம் கழித்து வந்த இரண்டாவது பரிசோதனை முடிவைச் செயலாளர் குளக்கரையில் நின்று பிரித்தார். படித்தார். மறுபடி படித்தார்.

"இல்லையாம்யா! பூஞ்சையே இல்லையாம்!"

காகிதத்தை என் கையில் திணித்துவிட்டு, கட்டிய வேட்டியோடு குளத்துக்குள் பாய்ந்தார். நனைந்த தலையை வெளியே நீட்டி, "நாளைக்கு ஆறு மணிக்குக் கேட்டைத் திறந்துருய்யா" என்றார்.

நான் நாலரைக்கே திறந்துவிட்டேன்.