மேலே இருக்கிறவன் ஆட்டம்

லவுட்ஸ்பீக்கர் போடுகிறவனுக்கு எல்லாக் கல்யாணத்துக்கும் அழைப்பு உண்டு, எந்தப் பந்தியிலும் இடம் கிடையாது. ஊசியை மாற்றிக்கொண்டே ஆறிப்போன சோற்றைத் தின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பஜாரில் என் முதலாளி வைத்திருந்த ரெக்கார்டுகளில் தேயிலைத் தோட்டத்து ஜனங்கள் விடாமல் கேட்டது ஒன்றைத்தான். வாழ்க்கை ஒரு விளையாட்டு, மேலே ஒருத்தன் காய் நகர்த்துகிறான், நாம் சும்மா நகர்கிறோம் என்று உருகுகிற பாட்டு. எனக்கும் அது பிடிக்கும். பிழைப்பே அப்படித்தானே இருந்தது.

கல்யாண வீட்டில்

டிக்கோயா பக்கம் ஒரு தோட்டம். கருப்பையா என்பவரின் ஒரே மகள், தாயில்லாப் பிள்ளை செல்லம்மாவுக்குக் கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து அந்தப் பாட்டைக் கேட்டார். போட்டேன். இரண்டு அடி பாடுவதற்குள் கருப்பையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். அடி விழப்போகிறது என்று பேட்டரிக்குப் பின்னால் ஒதுங்கினேன். பார்த்தால் மனுஷன் கண் கலங்கி நிற்கிறார்.

"நிப்பாட்டுங்க தம்பி. நான் பொண்ணைக் குடுத்திருக்கேன். வெளையாட்டுக்குக் குடுக்கல."

திருவிழாவில்

நோட்டன் பிரிட்ஜ் பக்கம் மாரியம்மன் திருவிழா. கோயிலுக்குப் பின்னால் சீட்டாட்டம். ஒருவர் காதுக் கடுக்கனைத் தோற்றுவிட்டு என் பெட்டியருகே வந்து குந்தினார். அந்தப் பாட்டைப் போடச் சொல்லி, எல்லாம் விதி, எல்லாம் விதி என்று தலையில் அடித்துக்கொண்டார். தேடி வந்த அவர் சம்சாரம் இடுப்பில் கைவைத்தபடி கடைசி அடிவரை பொறுமையாகக் கேட்டார்.

"பாட்டு நல்லாத்தாங்க இருக்கு. ஆனா சீட்டைக் கையில புடிச்சது இந்த மனுசன்தானே, மேல இருக்கிறவன் இல்லையே."

பெரட்டுக்களத்தில்

சில வருஷம் கழித்துக் கருப்பையாவே என்னைத் தேடி ஹட்டனுக்கு வந்தார். மருமகன் குடும்பத்துக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது, செல்லம்மா இங்கேதான். கருப்பையாவின் மனுவை மட்டும் தள்ளிவிட்டார்கள். ரயிலில் போய் இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டும். தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலேயே பிறந்தவருக்கு அங்கே யாரைத் தெரியும்? காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்து, பாட்டுப் போட்டு விடைபெற வேண்டுமாம். அந்தப் பாட்டைப் போடச் சொன்னதும் அவர்தான். அன்றைக்கு வேண்டாம் என்றீர்களே என்றேன். யார் மேலாவது பழியைப் போட்டால்தான் ரயிலேறக் கால் வரும் என்றார். அந்த ரெக்கார்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பாட்டு ஆரம்பித்ததும் கூட்டமே அழுதது. செல்லம்மா கைக்குழந்தையோடு நேரே என்னிடம் வந்தாள். அப்பாவைப் போல ஓடி வரவில்லை. குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னாள்.

"நிப்பாட்டுங்கண்ணே. வெளையாட்டுன்னா தோத்தவங்களுக்கு மறு ஆட்டம் உண்டு. எங்கப்பாவுக்கு இல்லையே."

அந்த ரெக்கார்டில் கீறல் விழுந்துவிட்டது என்று அன்றிலிருந்து கேட்டவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தேன். தினமும் துடைத்து அடுக்குகிற முதலாளிக்கு அது பச்சைப் பொய் என்று தெரியும், அவரும் ஒருநாளும் ஏன் என்று கேட்கவில்லை.