நேராக இருந்த சிவப்புக் கோடு

திருவொற்றியூரிலிருந்து பாரிமுனை போகும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் விமான நிலையத்தில் ஃபிட்டர். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பேனர். முன் சீட்டின் போல்ட் ஆடுவதைப் பார்த்ததும் குனிந்து இறுக்கினார். பிறகு போல்ட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போட்டார்.

"கோடு ஒடைஞ்சா போல்ட்டு லூசாயிடுச்சின்னு அர்த்தம் சார். பிளேன்லயும் இதான்."

மறுநாள் முதன்முறையாக விமானம் ஏறவிருந்த நான், "கோடு நேரா இருந்தா பயமில்லையே?" என்றேன்.

"அவசரத்துல கோட்ட மொதல்ல போட்டுட்டு, அப்பால இறுக்கிக்கலாம்னு வுடுவாங்கோ. நானே ஒரு தபா கதவுப் பலகைல அப்டி வுட்டுட்டேன். வூட்டுக்கு வந்தப்புறம்தான் நெனப்பு வந்துச்சு. பிளேனு மேல பூடுச்சி."

"அப்புறம்?"

"ஒயுங்கா திரும்பி வந்துச்சு சார். அதுவரிக்கும் எனக்குச் சோறு எறங்கல."

ராயபுரத்தில் இறங்குமுன் பின்சீட்டையும் ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் விமானத்தில் எனக்குக் கதவருகே இடம். பலகையில் வரிசையாகச் சிவப்புக் கோடுகள், எல்லாம் நேராக. கணக்கு வாத்தியாரான நான் நேர்கோட்டைக் கண்டு நடுங்கியது அன்றுதான். பணிப்பெண் சாப்பாட்டை நீட்டினார். எனக்கும் இறங்கவில்லை.