ஏழாம் இடத்துக் கல்லூரி

மாதா கோவிலில் ஞாயிறு பூசைக்குச் சாமியார் பிரசங்கத்தைத் தொடங்கியதும், பாட்டுக்கு வயலின் வாசிக்கும் சுபா தன் வில்லின் அடித்திருகை நான்கு சுற்று தளர்த்துவாள். வில்லில் விறைத்திருந்த குதிரைமயிர் தொய்ந்து குச்சியோடு ஒட்டிக்கொள்ளும். வாசிக்காத நேரத்தில் வில்லை விறைப்பாக விட்டுவைத்தால் குச்சி கோணிப்போகும். பிரசங்கம் முடியப்போவது அவளுக்கு எப்படியோ முன்கூட்டியே தெரிந்துவிடும். கை திருகுக்குப் போகும். எண்ணி நான்கு சுற்று முறுக்குவாள். அதைப் பார்த்துத்தான் தூங்குகிறவர்களைப் பக்கத்து ஆட்கள் இடித்து எழுப்புவார்கள்.

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்து ஊர் அது. பிளஸ் டூ முடித்த சுபாவுக்கு வயலினில் பட்டம் படிக்க வேண்டும். எந்தக் கல்லூரியில் என்பதில்தான் சண்டை.

அவள் அப்பா மதலைமுத்து தக்காளி மண்டியில் எடை போடுகிறவர். தராசு என்ன எண் காட்டுகிறதோ அதுதான் அவருக்கு நியாயம். சேலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகம் தரவரிசையில் ஏழாவது என்று பேனர் வைத்திருந்தது. முதலில் மகளை அங்கேதான் கூட்டிப்போனார்.

"வயலின் யாருங்க சொல்லித் தராங்க?" என்று சுபா கேட்டாள்.

"நாங்க ஏழாவது ரேங்க்மா," என்றாள் சேர்க்கை மேசைப் பெண்.

"சரிங்க. வயலின் யாரு?"

"நல்ல ஃபேகல்டி இருக்காங்கம்மா."

பேர் சொல்லவில்லை. வகுப்பறையைத் திறந்து காட்டினாள். குளிர்பதனம், கண்ணாடிக் கதவு, சுவரோரம் பன்னிரண்டு வயலின்கள். அப்பா அண்ணாந்து கூரை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுபா வில்களைப் பார்த்தாள். பன்னிரண்டும் முழு விறைப்பில் தொங்கின. பாதி கோணிப்போயிருந்தன. வாசிக்கும் முன் தேய்க்கும் பிசின்பொடியின் தடம் ஒன்றின் மயிரில்கூட இல்லை. இந்த அறையில் யாரும் வாசிப்பதில்லை என்பது அவளுக்கு அங்கேயே தெரிந்துபோயிற்று.

இரண்டாவதாகப் போன கல்லூரி எந்தப் பட்டியலிலும் இல்லை. காரை பெயர்ந்த கட்டடம். கலைவாணன் என்ற வயலின் ஆசிரியர் அவளை வாசிக்கச் சொல்லி, மூன்றாவது வரியில் கையை உயர்த்தி நிறுத்தினார். "மோதிர விரல் சோம்பேறிம்மா. அதுக்கு மட்டும் வேலை குடு" என்று ஒரே வரியை நாற்பது நிமிடம் வாசிக்கவைத்தார். சுபாவுக்கு அழுகை முட்டியது. நாற்பத்தோராவது நிமிடம் அந்த வரி அவளுக்கே வேறு யாரோ வாசிப்பதுபோலக் கேட்டது.

"ஒரே வரிய நாப்பது நிமிசம் தேய்க்கவுடறான். இதுக்கா பஸ்ஸு ஏறி வந்தோம்?" என்றார் அப்பா, திரும்பும் வழியில்.

அந்த ஊர்க் கோவிலில் ஒரு வழக்கம் உண்டு. யார் பிள்ளைக்காவது நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தால், ஞாயிறு பூசை முடிவில் சாமியார் பெயர் சொல்லி அறிவிப்பார், சனம் கை தட்டும். அப்படி அறிவித்த பிறகு கல்லூரியை மாற்றிய பிள்ளை அதுவரை இருந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை முடிவுப் பாட்டுக்கு வில்லை முறுக்கிக்கொண்டிருந்தபோது சுபா தன் பெயரைக் கேட்டாள்.

"நம்ம மதலைமுத்து மகள் சுபா, தரவரிசையில் ஏழாம் இடம் பெற்ற பல்கலைக்கழகத்தில் இசை பயில இருக்கிறார்."

கோவிலே கை தட்டியது. முன் பெஞ்சில் அப்பா தலை குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார். சுபா வில்லைத் தளர்த்தினாள், பெட்டியில் வைத்தாள், கொக்கியை மாட்டினாள். பாட்டுக்கு எழுந்து நின்ற சனம் வயலினுக்குக் காத்து நின்றது. வரவில்லை. கடைசியில் யாரோ தப்பான சுருதியில் பாட்டை எடுக்க, எல்லோரும் அதையே இழுத்துக்கொண்டு போனார்கள்.

வெளியே பக்கத்து வீட்டு மிக்கேலம்மாள் மறித்தாள். "ஏண்டி ஏழாம் நம்பரு, லட்டு எங்கடி?"

"எங்கப்பாகிட்ட கேளுங்க அத்தை. அவருதான் படிக்கப் போறாரு."

மதலைமுத்து வேகமாக வந்தார். "ஊரு முன்னாடி மானத்த வாங்கறயா?"

"என்னக் கேக்காம ஊரு முன்னாடி சொன்னது யாருப்பா? எதுல ஏழு? நர்சிங்கு, இன்ஜினியரிங்கு எல்லாத்தையும் ஒண்ணா கொட்டி எடை போட்டு ஏழு. அதுல வயலின் எத்தன கிராமு?"

"ஏழுன்னா ஊர்ல எல்லாத்துக்கும் புரியுது. கலைவாணன்னா எவனுக்குப் புரியும்? நாளைக்கி ஸ்கூல்ல வேலைக்குப் போனா காலேஜ் பேரத்தான் கேப்பாங்க."

"கேப்பாங்கப்பா. கேட்டுட்டு, எங்க, வாசி பாக்கலாம்னு சொல்லுவாங்க. அப்ப பேனரையா வாசிக்கறது?"

அவர் கை ஓங்கியது. கோவில் வாசல் என்பதால் இறங்கியது. அவர் சொன்னதில் பாதி உண்மை என்பது சுபாவுக்கும் தெரியும். அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது.

திங்கட்கிழமை சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு அவள் தனியாகவே பஸ் ஏறினாள். கலைவாணன் இருந்த கல்லூரியில் கையெழுத்துப் போட்டாள். அப்பா இரண்டு மாதம் பேசவில்லை. மூன்று ஞாயிறு பூசைக்குப் போகவில்லை. போனபோது கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அறிவித்ததை மாற்றிச் சொல்லும் வழக்கம் கோவிலில் இல்லாததால் ஊர்க் கணக்கில் சுபா இன்றும் ஏழாம் இடத்தில்தான் படிக்கிறாள். ஒவ்வொரு விடுமுறைக்கும் யாராவது பாராட்டுவார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்துவிடுவாள்.

பின்னால்தான் இது தெரியவந்தது. தரவரிசைக்காக அந்தப் பல்கலைக்கழகம் அனுப்பிய தாள்களில் அங்கே வேலை பார்க்கும் வயலின் ஆசிரியர் என்று ஒரே ஒரு பெயர் இருந்தது: கலைவாணன். ஆறு வருடத்துக்கு முன் அங்கே வேலை கேட்டுப் போன அவரிடம் சான்றிதழ் நகல்களை வாங்கி வைத்துக்கொண்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.