அப்பாவின் நீளமான வார்த்தை

அப்பாவுக்குக் கோபம் வந்தால் தமிழும் கன்னடமும் சேர்ந்தே காணாமல் போய்விடும், இங்கிலீஷ்தான் வரும். கோபம் எவ்வளவு பெரிதோ, வார்த்தை அவ்வளவு நீளம். அரசாங்கக் கச்சேரியில் தலைமைக் குமாஸ்தா. மேலதிகாரிகளின் இங்கிலீஷையே திருத்துகிறவர் என்று அல்சூரில் எங்கள் தெரு முழுக்கத் தெரியும். தெரியாதவர்களுக்கு நான் சொல்லியிருந்தேன்.

எனக்கு எட்டு வயதாகும்போது, எங்களோடு இருந்த அத்தையைப் பெண் பார்க்க அடுகோடியிலிருந்து வந்தார்கள். அத்தைக்கு முப்பது தாண்டிவிட்டது. கன்னமெல்லாம் அம்மைத் தழும்பு. மனைவியை இழந்த மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. அவருக்கும் சேர்த்து அவருடைய அண்ணன் பேசினார். கேசரிபாத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, அத்தை எதிரில் நிற்கும்போதே சொன்னார்:

"மூஞ்சி இப்படின்னு தெரிஞ்சுதான் சார் வந்தோம். ரெண்டாந்தாரம்தானே, இது போதும். அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

அப்பாவின் காது சிவந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்து, "தட் வாஸ் இன்ஃபெலிசிட்டஸ்லி புட், சார்" என்றார்.

அவ்வளவு நீளமான வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை. அடுகோடிக்காரரும் கேட்டதில்லை போலும். "எஸ், எஸ்" என்று தலையாட்டினார். அப்புறம் தை மாதத்தில் கல்யாணம் என்று பேசி, தாம்பூலமும் மாற்றிக்கொண்டார்கள்.

அவர்கள் போனதும் அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டேன். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். தங்கைக்காக ஒரு மனிதரைத் தட்டிக்கேட்டுவிட்ட நிறைவு முகத்தில் தெரிந்தது.

"சொன்ன விஷயம் சரியாவே இருந்தாலும், சொன்ன விதம் நல்லா இல்லேன்னா இப்படிச் சொல்லணும்மா. மரியாதையாவும் இருக்கும், உறைக்கவும் உறைக்கும்."

காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்த அத்தை நின்றாள்.

"அப்போ அவரு சொன்ன விஷயம் சரிதானாண்ணா?"

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். அத்தை டம்ளர்களோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். எனக்கு அவளை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது. தமிழையே எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள், என்னைப் போலவே இங்கிலீஷில் சந்தேகம் கேட்கிறாளே! அப்பா இன்னும் கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்ததால், நானே பதில் சொன்னேன்.

"விஷயம் சரிதான் அத்தே. சொன்ன விதம்தான் தப்பு."

அத்தை என் தலையை ஒருமுறை தடவிவிட்டு, டம்ளர் கழுவப் போய்விட்டாள். அவளுக்கு நன்றாகப் புரிந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.