கெண்டைக்கு லிஃப்டக்கா போட்ட திட்டம்

எங்கள் அடுக்ககத்தில் லிஃப்ட் நின்றுபோனால் யாரும் கம்பெனிக்குப் போன் செய்வதில்லை. நேராக மாடியேறி வந்து என் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். லிஃப்ட் பழுது பார்ப்பதுதான் அந்த வீட்டு அக்காவின் வேலை. அதனால் பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் அவள் லிஃப்டக்கா. பேச்சு குறைவு. ஆனால் ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால், கடைசித் திருகாணி வரைக்கும் யோசித்த பிறகே முதல் திருகாணியைத் தொடுவாள்.

அவளுக்கும் அவள் தம்பிக்கும் கெண்டை பிடிப்பதென்றால் பைத்தியம். தம்பி பஸ் டிரைவர். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் இருவரும் ஊருக்கு வெளியே உள்ள குளக்கரையில் இருப்பார்கள். பிடித்த மீனை எடை பார்த்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். அக்காவின் வீட்டுக்காரருக்கு இந்தக் கணக்கு மட்டும் பிடிபடவே இல்லை. வெறுங்கையோடு திரும்பி வருவதற்கு வீட்டிலேயே சும்மா உட்காரலாமே என்பார். வெளிநாட்டில் பெரிய பெரிய கெண்டைகள் கிடக்கும் ஏரிக்கு ஒரு தடவையாவது போய்விட வேண்டும் என்று அக்காவும் தம்பியும் வருடக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குள் தம்பிக்குக் கண்ணில் நோய் வந்தது. ஓரங்களிலிருந்து இருட்டிக்கொண்டே வந்து, கடைசியில் முழுப் பார்வையும் போய்விட்டது. வேலையும் போனது. தூண்டில்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். அக்கா குளத்துக்குக் கூப்பிடும்போதெல்லாம் முதுகு வலிக்கிறது, மழை வரும்போல இருக்கிறது என்று ஏதாவது ஒரு சாக்கு. உண்மையான காரணம் அக்காவுக்குத் தெரியும். குளக்கரையில் எல்லோரும் பழகியவர்கள். அவன் தடுமாறினால் பத்துப் பேர் எழுந்து ஓடி வருவார்கள். அதை அவனால் தாங்க முடியாது.

அவள் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. ஒரு வாரத்துக்கு ஒரே குடும்பத்துக்கு மட்டும் வாடகைக்கு விடும் ஏரி வெளிநாட்டில் எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தாள். கரையை ஒட்டியே குடில், பக்கத்தில் வேறு யாரும் இல்லை என்று ஒரு ஏரி அகப்பட்டது. பார்வையில்லாதவர் என்றதும் ஏரிக்காரர் போனில் தயங்கினார். தண்ணீரில் விழுந்துவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டார். லிஃப்ட் குழியின் விளிம்பில் நின்று வேலை செய்கிறவள் நான், விழாமல் இருப்பதுதான் என் தொழில் என்றாள் அக்கா. குடில் வாசலிலிருந்து தண்ணீர் வரைக்கும் இடுப்பு உயரத்தில் கயிறு கட்ட வேண்டும், எங்கெங்கே முடிச்சுப் போட வேண்டும் என்று விளக்கினாள். அவர் கயிற்றைக் கட்டி, படம் எடுத்தே அனுப்பிவிட்டார்.

அதன் பிறகுதான் தம்பியிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் முகம் சுருங்கியது.

"என்னைக் கூட்டிட்டுப் போய் ஒரு நாற்காலியில உக்கார வைக்கப் போறே. நீ பிடிப்பே, நான் கேட்டுக்கிட்டு இருக்கணும். அதானேக்கா?"

"உனக்கு ரெண்டு தூண்டில், எனக்கு ரெண்டு. உன் தூண்டிலை நான் தொடமாட்டேன். வேணும்னா கூப்பிடு, வர்றேன்."

அவன் நம்பவில்லை. இருந்தாலும் கட்டிலுக்கு அடியிலிருந்து தூண்டில்கள் வெளியே வந்தன.

ஒத்திகை எங்கள் வண்டி நிறுத்துமிடத்துக்குப் பின்னால் நடந்தது. தரையில் ஒரு கட்டையை அறைந்து, அதில் கால் விரலை ஒட்டி நின்றால் எந்தத் திசையைப் பார்க்கிறோம் என்று தெரியும்படி வைத்தாள். ரீலில் தூண்டில் நரம்பு குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் ஓடாதபடி நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். ஆகவே தூரத்துக்கும் கண் தேவையில்லை. மீன் இழுத்தால் அலாரம் அடிக்கும். இரண்டு தூண்டிலுக்கும் இரண்டு விதமான சத்தம். முதல் நாள் நரம்பில் கட்டிய ஈயக்குண்டு காவலாளியின் தகரக் கூரையில் விழுந்து, மனுஷர் டம்ளரோடு வெளியே ஓடி வந்தார். நாளாக நாளாகக் குண்டு சொன்ன இடத்தில் விழுந்தது. ஈரத் தலையணையை மீனாக வைத்து, வலைக்குள் வாங்குவதையும் பழகினார்கள். தலையணையைப் பறிகொடுத்த அக்காவின் வீட்டுக்காரர்தான் அதிகம் புலம்பினார்.

புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது அக்கா வேலைக்குப் போன இடத்தில் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பில் விரிசல். படுக்கையை விட்டு எழக்கூடாது, விமானம் கூடவே கூடாது என்றார் டாக்டர். திட்டம் அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தோம். தம்பியும் அப்படித்தான் நினைத்து, பெட்டியைப் பிரித்துவிட்டான்.

அக்கா தம்பியின் மனைவியை வரச் சொன்னாள். அவள் தையல் கடை வைத்திருப்பவள். தண்ணீர் என்றால் பயம், மீன் என்றால் அருவருப்பு.

"என் டிக்கெட்டுல நீ போ" என்றாள் அக்கா.

"நானா? எனக்கு என்ன அண்ணி தெரியும்?"

"அவனுக்குத் தெரியும். நீ வலையை மட்டும் பிடி. துணி உதறி மடிக்கிற கைதானே."

படுத்த படுக்கையாகவே தன் டிக்கெட்டை ரத்து செய்து இவள் பெயரில் வாங்கினாள். இவளுக்கு அவசர விசாவும் வாங்கினாள். விமான நிலையத்தில் அவர்களை ஏற்றிப் போக வண்டிக்கு ஏற்பாடு செய்தாள். ஏரிக்காரரை மறுபடி போனில் பிடித்து, என் தம்பி கேட்டால் ஒழிய யாரும் அவன் கையைப் பிடிக்க வேண்டாம் என்று கறாராகச் சொன்னாள்.

அங்கே நடந்ததை எனக்குப் பிறகு சொன்னது தம்பியின் மனைவிதான். முதல் சில நாட்கள் ஓயாத மழை, ஒரு அசைவும் இல்லை. தம்பி மட்டும் அசரவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கும் குடிலுக்குமாக நடப்பான். இரையை மாற்றுவான், அங்கேயும் அறைந்து வைத்த கட்டையில் கால் வைத்து வீசுவான். ஒரு காலையில் அவள் சட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தபோது இடப்பக்கத்து அலாரம் விடாமல் அலறியது. அவன் கோலைத் தூக்கிய மாத்திரத்தில் அது வில்லாக வளைந்தது. மீன் நாணலுக்குள் புகப் பார்ப்பதை நரம்பின் அதிர்வை வைத்தே கண்டுபிடித்து, பொறுமையாகத் திருப்பினான். அவளை எங்கே நிற்க வேண்டும், வலையை எவ்வளவு தாழ்த்த வேண்டும் என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே இருந்தான். தண்ணீருக்குப் பயந்தவள் முழங்கால் ஆழத்தில் நின்றிருந்தாள். எப்போது இறங்கினோம் என்றே அவளுக்கு நினைவில்லையாம்.

மீனுக்கு அடிபடாமல் இருக்கக் கரையில் போட்டிருந்த ஈரமான மெத்தை விரிப்பில் அவன் மண்டியிட்டு மீனை மூக்கிலிருந்து வால்வரை தடவினான். முதுகு ஓரத்தில் மட்டும் வரிசையாகப் பெரிய செதில்கள், மற்ற இடமெல்லாம் வழுவழுப்பு. "இது பார்க்க எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றானாம். பிறகு அதைத் தண்ணீரில் தாங்கிப் பிடித்து, தானாக வாலை வீசிக் கிளம்பும்வரை காத்திருந்தான்.

அவன் போன் செய்தபோது நான் அக்காவுக்குக் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். அவன் மூச்சுவிடாமல் பேசினான். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "மீன் வாயில முள் குத்தின இடத்துல மருந்து போட்டியா?" போட்டேன் என்றான். போனை வைத்தவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கஞ்சி ஆறிப்போகும் வரை நான் அவளைக் கூப்பிடவில்லை.

ஊர் திரும்பியதும் தம்பி பழைய குளத்துக்குப் போகத் தொடங்கினான். யாராவது கை கொடுக்க எழுந்தால், உட்காருங்கள், வேண்டுமென்றால் நானே கூப்பிடுகிறேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லப் பழகிவிட்டான். அவன் மனைவி தனக்கென்று ஒரு தூண்டில் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வருடம் அதே ஏரிக்கு மூன்று பேருமே போனார்கள். அந்த வாரம் முழுக்க ஒரு மீன்கூடக் கடிக்கவில்லையாம். பயணம் எப்படி என்று லிஃப்டுக்குள் வைத்து அக்காவைக் கேட்டேன்.

"அருமை" என்றாள்.