அம்மாவின் சாக்ஸும் அப்பாவின் ரப்பர் பாலும்

நனைந்த கம்பளி நூலின் வாசமும் ரப்பர் பாலின் புளித்த வாசமும் ஒன்றாகக் கலந்தால் எப்படி இருக்கும் என்று, பிள்ளைகளே, உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. குலசேகரத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டு அடுக்களையில், நான் உங்களைப் போல இருந்தபோது, ஒரு மழைக்காலம் முழுவதும் அந்த வாசம்தான்.

அப்பாவுக்கு ஒரு தோட்டத்தில் 'பால்வெட்டு' வேலை. ரப்பர் மரத்தின் பட்டையைக் கத்தியால் மெல்லச் சீவி, வடிகிற பாலைத் தேங்காய்ச் சிரட்டையில் பிடித்து எடுக்க வேண்டும். அம்மாவுக்கு வீட்டு வேலை ஒழிந்தால் பின்னல். மிஷன் பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் படித்தது. சபையில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் ஒரு குல்லா பின்னிக் கொடுப்பாள். விற்பதற்கென்று ஒன்றும் பின்னியதில்லை. ஊசியைக் கையில் எடுத்தால் அவள் முகம் இளகிவிடும், அந்த நேரம் பார்த்துத்தான் நாங்கள் மிட்டாய்க்குச் சில்லறை கேட்போம்.

அவள் சாக்ஸ் பின்ன ஆரம்பித்தது அட்டைக்குப் பயந்து. மழை பிடித்துவிட்டால் தோட்டத்தில் புல்லுக்குப் புல் அட்டை நெளியும். அந்த வருடம் அப்பாவின் கணுக்காலில் அட்டை கடித்த இடம் பழுத்துப் பெரிய புண்ணாகிவிட்டது. "இது ஆறுறதுக்குள்ள இன்னொண்ணு கடிச்சா, மழை தீருற வரைக்கும் நீரு தோட்டத்துப் பக்கம் போகக்கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்பா போகாவிட்டால் அவருடைய மரங்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். கடையில் விற்கிற மெல்லிய நைலான் சாக்ஸை அட்டை ஒரு பொருட்டாகவே மதிக்காது.

அம்மா தடித்த கம்பளி நூல் வாங்கி வரச் சொன்னாள். சாக்ஸைக் குழாய் மாதிரி சுற்றிச் சுற்றிப் பின்ன வேண்டும். அதற்கு இரண்டு முனையும் கூராக இருக்கிற ஊசிகள் வேண்டும். நாகர்கோவில் கடைகளிலும் அவை கிடைக்கவில்லை. அப்பா பழைய சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளை வெட்டி, கத்தி தீட்டுகிற கல்லிலேயே முனை தீட்டிக் கொடுத்தார். நேராக இறங்கி வருகிற பின்னல் குதிகாலில் வந்து பாதத்துக்குத் திரும்புகிற இடம்தான் கஷ்டம். அம்மா அந்த இடத்தைப் பின்னுவாள், பிரிப்பாள், அப்பாவின் காலைப் பிடித்து வைத்துப் பார்ப்பாள், மறுபடியும் பின்னுவாள். மேல் விளிம்பில் மட்டும் சிவப்பு நூலில் ஒரு பார்டர் போட்டாள். "அட்டைக்கு எதுக்குட்டி பார்டர்?" என்று அப்பா கேட்டதற்கு, "அட்டைக்கில்ல, எனக்கு" என்றாள்.

அப்பா அதைப் போட்டு, மேலே பழைய கான்வாஸ் ஷூவும் மாட்டிக்கொண்டு கிளம்பியபோது, கூட வேலை செய்கிற தங்கையன் மாமா வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தார். "ஏ மக்கா, துரை மாதிரி வாறியே. மரம் எல்லாம் பயந்து, வெட்டாமலே பால விட்டுரும்போல."

திரும்பி வந்த அப்பாவின் சாக்ஸ் ரத்தத்தில் நனைந்திருந்தது. குதிகாலில் கால் பின்னலும் பாதப் பின்னலும் சேர்கிற மூலையில் ஒரு சின்ன இடைவெளி. அட்டை அதைக் கண்டுபிடித்து உள்ளே போயிருந்தது. நல்லவேளை, புண்ணிலிருந்து தள்ளித்தான் கடித்திருந்தது. "ஓட்டை என் கைத்தப்பு. நான் அடச்சுத் தாறேன்" என்றாள் அம்மா. அப்பாவுக்கோ ரப்பர்காரர் மூளை. "நீ ஒரு ஓட்டைய அடச்சா அது இன்னொண்ணத் தேடும். பாலுல ஒரு முக்கு முக்கினா ஓட்டையே இல்லல்லா?" அம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். "இவ்வளவு நாள் கண்ணு வலிக்கப் பின்னினத ரப்பர் ஷீட் ஆக்கப் போறியளா?" என்று கேட்டவள், சாக்ஸைத் துவைத்து அடுப்புக்கு மேலே காயப் போட்டாள்.

மறுநாள் அவள் சபையில் பெண்கள் கூட்டத்துக்குப் போன சமயம், அப்பா புண்ணில் துணியைச் சுற்றிக்கொண்டு இரண்டு சாக்ஸையும் போட்டார். காலில் போட்டு முக்கினால்தான் அளவு சரியாக நிற்கும் என்பது அவர் கணக்கு. அப்படியே தோட்டத்திலிருந்து கொண்டுவந்திருந்த பால் வாளிக்குள் காலை விட்டு எடுத்து, அடுப்புப் பக்கம் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பால் காய்ந்தது. அளவும் கச்சிதமாக நின்றது. ஆனால் கழற்ற வரவில்லை. நூலுக்குள் இறங்கிய பால் காலில் இருந்த ரோமத்தையெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தது.

அம்மா வந்தபோது அப்பா கண்ணில் நீரோடு இழுத்துக்கொண்டிருந்தார். அவள் கத்தரிக்கோலை எடுத்து வந்து, தான் பின்னிய சாக்ஸைத் தானே மேலிருந்து கீழ்வரை வெட்டினாள். சிவப்பு பார்டரை வெட்டும்போது கை ஒரு கணம் நின்றது. தேங்காய் எண்ணெய் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தோலிலிருந்து பிரித்தெடுத்தாள். அதற்குப் பிறகு சில நாட்கள் வீட்டில் பின்னல் சத்தமே கேட்கவில்லை. சாக்ஸ் இல்லாமல் அப்பா வேலைக்குப் போகவில்லை. அவர் மரங்களைத் தற்காலிகமாகத் தங்கையன் மாமா பார்த்துக்கொண்டார். "மேல கேக்க ஆரம்பிச்சாச்சு மக்கா, நான் எவ்வளவு நாள் சமாளிக்க?" என்று அவர் ஒருநாள் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அம்மா மறுபடி ஊசியை எடுத்தாள். இந்த முறை மூலையில் கூடுதலாக ஒரு கண்ணி எடுத்து இடைவெளியை இறுக்கினாள். முடிந்ததும் அவளே சொன்னாள்: "ஒரு கட்டையில உங்க காலு மாதிரி செதுக்குங்க. பாலும் கொண்டுவாங்க. பார்டர்ல ஒரு சொட்டு பட்டுதுன்னா, அடுத்தத நீங்களே பின்னிக்கிடணும்." கட்டைக்காலில் சாக்ஸை மாட்டி, பார்டருக்குக் கீழே வரை அவளே பிடித்து முக்கினாள். கட்டையில் ரோமம் இல்லாததால், காய்ந்ததும் சுலபமாகக் கழன்று வந்தது.

அப்பா அந்த மழையிலேயே வேலைக்குத் திரும்பினார். புண் ஆறியது, மரங்கள் அவரிடமே இருந்தன. தங்கையன் மாமா நூலும் கையுமாக வந்து நின்றார். "மரம் பயந்துராதா அண்ணா?" என்று அம்மா கேட்டாள். "பயப்படட்டு அம்மிணி, நமக்குப் பால்தான வேணும்."

இன்று பால்வெட்டுக்குப் போகிறவர்கள் முழங்கால் வரை கம்பூட்ஸ் போடுகிறார்கள். எங்கள் அப்பா பால் வெட்டிய மரங்களை வெட்டித் தள்ளி, அங்கே அன்னாசி வைத்திருக்கிறார்கள். அந்தச் சாக்ஸும் ஒரு மழைக்கு மேல் தாங்கவில்லை. வயதான அப்பாவுக்கு இப்போது கால் குளிருகிறது என்று அம்மா மெல்லிய நூலில் பின்னிப் போடுகிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா காலை நீட்டிக் காட்டி, பழைய கதையைத் தொடங்குவார். "ரப்பர் சாக்ஸ் நான் கண்டுபிடிச்சதாக்கும்."

அம்மா பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்பாள்: "கழத்தினது யாருன்னும் சொல்லுங்க."